பட்டறைக்கு வந்த வக்கீல் நோட்டீஸ்: உரிமமில்லா மென்பொருளுக்கு என்ன செய்வது?

கடைசல்பட்டறை | செவ்வாய், இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். பெங்களூர் பீன்யா இரண்டாம் கட்டத்தில் நானும் என் தம்பியும் பங்குதாரர்களாகச் சிறு பட்டறை ஒன்றை நடத்தி வருகிறோம். கணினிக் கட்டளையில் இயங்கும் மூன்று சிஎன்சி எந்திரங்கள், பதினான்கு ஆட்கள், அலுவலகத்திலும் தளத்திலுமாக ஒன்பது கணினிகள். ஓசூரிலும் பிடதியிலும் உள்ள ஆலைகளுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க்தான் எங்கள் பிழைப்பு.

வரைபடத்திலிருந்து எந்திரத்துக்கான கட்டளைகளை, அதாவது ஜி கோடை, ஆக்கித் தரும் கேம் மென்பொருள் ஒன்றை நாங்கள் பயன்படுத்துகிறோம். அதன் தயாரிப்பாளர் சார்பில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்திடமிருந்து போன வாரம் மின்னஞ்சல் வந்தது. இணைத்திருந்த அட்டவணையில் எங்கள் இரண்டு கணினிகளின் பெயர்கள், மேக் முகவரிகள் (வலையமைப்பு அட்டையின் அடையாள எண்கள்), மென்பொருள் எந்தெந்த நாளில் திறக்கப்பட்டது என்ற தேதிகள் எல்லாம் வரிசையாக இருந்தன. என் தம்பி ஒரு கணினிக்குத் தன் மகளின் செல்லப் பெயரை வைத்திருந்தான். அந்தப் பெயரை வக்கீல் நோட்டீஸில் படித்தபோது இருவருக்கும் வியர்த்துவிட்டது. பதினைந்து நாளுக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

மென்பொருளை நாங்கள் இறக்கவில்லை. 2019இல் பழைய எந்திரம் ஒன்றை வாங்கியபோது, விற்றவரே அதையும் ஏற்றிக் கொடுத்தார். ஆனாலும் எனக்கு ஒன்றுமே தெரியாது என்று சொன்னால் அது பொய். ஏற்றும்போது வைரஸ் தடுப்பை அணைக்கச் சொன்னார், அணைத்தவன் நான்தான்.

இது சிறைக்குப் போகும் குற்றமா? அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? எல்லாவற்றையும் அழித்துவிட்டு மலிவான வேறொன்றுக்கு மாறினால் விஷயம் முடிந்துவிடுமா? அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

எஸ்பிரோடு | செவ்வாய், இரவு 10.15

ஐயா, அழிப்பதைப் பற்றி இன்றிரவு முடிவு செய்ய வேண்டாம். சட்டம் தெரிந்தவர்கள் பேசட்டும். என் பங்குக்கு இது எப்படி வளர்ந்தது என்று சொல்கிறேன்.

எஸ்.பி. ரோடு எனப்படும் சதார் பத்ரப்பா சாலையில் ஒரு கடையில் 2003 முதல் ஏழு ஆண்டுகள் கணினி பூட்டிக் கொடுத்தவன் நான். வாடிக்கையாளர் ராமின் அளவைக் கேட்பார், ஹார்ட் டிஸ்க் எத்தனை ஜிபி என்று கேட்பார், மானிட்டரில் நூறு ரூபாய் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் நிற்பார். மென்பொருளைப் பற்றி அவர் கேட்கும் ஒரே கேள்வி, "எல்லாம் போட்டுத் தருவீர்களா?" என்பதுதான். பெரிய நிறுவனங்களுக்கென்று கொடுக்கப்பட்டு வெளியே கசிந்த விண்டோஸ் எக்ஸ்பி சாவி ஒன்று அப்போது இருந்தது. இருபத்தைந்து எழுத்தையும் தாளைப் பார்க்காமல் அடிப்போம், சுப்ரபாதம் சொல்வதுபோல. பில்லில் அந்த மென்பொருளுக்கு ஒரு வரியும் இருக்காது, ஒரு ரூபாயும் இருக்காது. பில்லில் இல்லாத பொருளை யாரும் பொருளாகவே நினைக்கவில்லை. கடைக்காரர்களாகிய நாங்களும் நினைக்கவில்லை.

கம்பிவடம் | புதன், காலை 7.05

எப்படித் தெரிந்தது என்பதற்கு நான் பதில் சொல்கிறேன். சில நிறுவனங்களின் வலையமைப்பைப் பராமரிப்பது என் தொழில்.

விலை உயர்ந்த பொறியியல் மென்பொருள்கள் பலவற்றில், உரிமத்தைச் சரிபார்க்கும் பகுதியும், அது குலைக்கப்பட்டிருக்கிறதா என்று கவனிக்கும் பகுதியும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கும். கிராக் செய்பவர், அதாவது பூட்டை உடைப்பவர், முதல் பகுதியை மட்டும் முடக்குவார். இரண்டாவது பகுதி எதையும் நிறுத்தாது, எச்சரிக்கையும் காட்டாது. கணினியின் பெயர், மேக் முகவரி, வெளி ஐபி, திறந்த நேரம் ஆகியவற்றை அமைதியாகத் தயாரிப்பாளரின் சர்வருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். மேக் என்பது 48 பிட் எண்; முதல் 24 பிட் அட்டையைச் செய்த நிறுவனத்தைக் காட்டும், மீதி அந்த அட்டைக்கே உரியது. ஆகவே அது எங்கள் கணினியே இல்லை என்று வாதாடுவது கடினம்.

இன்னொன்றையும் பாருங்கள். உங்கள் விண்டோஸ் எப்படிச் செயலாக்கப்பட்டிருக்கிறது (ஆக்டிவேட்)? பெரிய நிறுவனங்களுக்காக மைக்ரோசாஃப்ட் கொடுக்கும் கேஎம்எஸ் என்ற முறையில், அலுவலகத்துக்குள் இருக்கும் ஒரு சர்வரே மற்றக் கணினிகளைச் செயலாக்கும். ஒவ்வொரு செயலாக்கமும் 180 நாள் செல்லும். குறைந்தது 25 கணினிகள் வந்து கேட்டால்தான் அந்தச் சர்வர் விண்டோஸைச் செயலாக்கத் தொடங்கும். மொத்தமே ஒன்பது கணினி உள்ள பட்டறையில் கேஎம்எஸ் என்று காட்டினால், பொய்ச் சர்வர் ஒன்று உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்றுதான் பொருள்.

வைரஸ் தடுப்பை அணைத்தேன் என்று நீங்கள் எழுதிய வரிதான் நோட்டீஸைவிட எனக்கு அச்சம் தருகிறது. 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை பரவியபோது, அதை அடைக்கும் திருத்தம் மார்ச் மாதமே வெளிவந்திருந்தது. கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயந்து அப்டேட்டை நிறுத்தி வைத்திருந்த கணினிகளுக்கு அது எப்படிப் போய்ச் சேரும்?

சிவில்பக்கம் | புதன், பிற்பகல் 1.30

நான் வழக்கறிஞர். இது உங்கள் கோப்பைப் பார்த்துச் சொல்லும் ஆலோசனை அன்று. பொதுவான நிலையை மட்டும் எழுதுகிறேன்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, கணினி நிரலை இலக்கியப் படைப்புகளோடு சேர்த்து வைத்திருக்கிறது. அதன் 63பி பிரிவின்படி, உரிமமற்ற நகலைத் தெரிந்தே கணினியில் பயன்படுத்துபவருக்குக் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். வணிகத்துக்காகவோ ஆதாயத்துக்காகவோ பயன்படுத்தவில்லை என்றால் சிறையைத் தவிர்த்து அபராதத்தோடு நிறுத்த நீதிமன்றத்துக்கு இடமுண்டு. பட்டறை நடத்துகிறவருக்கு அந்த வாசல் திறக்காது. "தெரிந்தே" என்ற சொல்தான் இப்பிரிவின் அச்சாணி. அதனால், வைரஸ் தடுப்பை அணைத்தது போன்ற செய்திகளைப் பொதுவெளியில் எழுதாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

2012 திருத்தத்தில் வந்த 65ஏ, மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதையே தனிக் குற்றமாக்கி, 2 ஆண்டு வரை சிறை என்கிறது. பதிப்புரிமையை மீறும் 63ஆம் பிரிவுக் குற்றம் பிணை உரிமையாகக் கிடைக்காதது, காவல்துறை நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடியது என்று 2022 மே மாதம் நிட் ப்ரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 63பி-யின் மேல்வரம்பும் அதே 3 ஆண்டுகள்தான் என்பதை மறக்க வேண்டாம்.

ஆனால் நடைமுறையில் இவ்வகை விவகாரங்கள் பெரும்பாலும் உரிமையியல் வழியில்தான் செல்கின்றன. எதிர்த்தரப்புக்கு முன்கூட்டித் தெரிவிக்காமலேயே தடையாணை பெற்று, நீதிமன்றம் நியமிக்கும் ஆணையர் ஒருவர் தொழில்நுட்ப ஆளோடு வந்து கணினிகளைச் சோதிப்பார். தில்லி உயர் நீதிமன்றத்தில் இது பழகிப்போன வழி. அத்தகைய ஆணையர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு 2008இல் வரைபட மென்பொருள் நிறுவனமான ஆட்டோடெஸ்கின் வழக்கொன்றில் அந்த நீதிமன்றம் நெறிமுறையும் வகுத்தது. எனவே அழிக்க வேண்டாம். நோட்டீஸ் வந்த மறுநாள் அழிக்கப்பட்ட கோப்பின் தடம், கோப்பைவிடப் பெரிய சாட்சி. பயன்படுத்துவதை நிறுத்துங்கள், அப்படியே வைத்திருங்கள், குறித்த நாளுக்குள் வக்கீல் மூலம் பதில் அனுப்புங்கள்.

மடிவாளாவாசி | புதன், மாலை 6.20

அனைவரும் பட்டறைக்காரரையே குற்றக் கூண்டில் நிறுத்துகிறீர்கள். சந்தையைப் பிடிக்கும்வரை இந்த நிறுவனங்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தன என்பதும் உண்மைதானே? எப்படியும் திருடப் போகிறார்கள் என்றால் எங்களுடையதையே திருடட்டும், பழகிவிடுவார்கள், பிறகு வசூலிக்க வழி கண்டுபிடிப்போம் என்ற பொருள்பட 1998இல் சீனாவைப் பற்றிப் பேசியவர் பில் கேட்ஸ். பொழுதுபோக்காகக் கணினி வைத்திருந்தவர்களைத் திருடர்கள் என்று கண்டித்து 1976இல் பகிரங்கக் கடிதம் எழுதியவரும் அவர்தான். கல்லூரியில் இலவசமாகக் கொடுத்துக் கைப்பழக்கம் ஆக்குவார்கள். வேலைக்கு வந்தபின் அந்தக் கைக்கு வேறு எதுவும் ஓடாது. 2016க்குப் பிறகு ஆட்டோடெஸ்க் ஒருமுறை வாங்கும் புதிய உரிமங்களை விற்பதையே நிறுத்திவிட்டது. இனி வருடா வருடம் சந்தா. பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறை என்ன செய்யும்?

பழையடாங்கிள் | புதன், இரவு 11.50

மடிவாளாவாசி சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மறுபாதியை ஒப்புக்கொள்ள முடியாததற்குக் காரணம், நான் பூட்டுப் போடும் பக்கத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தவன். பில் கேட்ஸின் கணக்கு வேறு. ராஜாஜிநகரில் வாடகை அறையில் உட்கார்ந்து மருந்துக் கடைகளுக்குப் பில்லிங் மென்பொருள் எழுதியவனின் கணக்கு வேறு. என்னுடையதைத் திருடிப் பழகட்டும் என்று நான் காத்திருந்தால் அடுத்த மாத வாடகையை யார் கொடுப்பது?

முதலில் பிரிண்டர் செருகும் 25 முனைத் துளையில் மாட்டும் டாங்கிளைப் பயன்படுத்தினேன்; அந்தச் சிறு கருவி மாட்டியிருந்தால்தான் மென்பொருள் ஓடும். இஸ்ரேலின் அலாடின் நிறுவனம் செய்த ஹாஸ்ப், அமெரிக்காவின் ரெயின்போ நிறுவனத்தின் சென்டினல் ஆகிய இரண்டும் அப்போது பெயர் பெற்றவை. கை மாறி மாறி இன்று இரண்டும் பிரான்ஸின் தாலெஸ் குழுமத்துக்குள் இருக்கின்றன. டாங்கிளுக்குப் பின்னால்தான் பிரிண்டரைச் செருக வேண்டும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இழுக்கும் இழுப்பில் முனை வளைந்துவிடும். "டாங்கிள் இல்லை" என்று திரையில் வரும். வாடிக்கையாளர் எனக்குப் போன் செய்வார். டாங்கிளின் விலை என் லாபத்தில் கால் பங்கைத் தின்றது.

அதனால் ஹார்ட் டிஸ்க் எண்ணோடு உரிமத்தைக் கட்டினேன். அதன் பலனையும் சொல்கிறேன். ஒரு தீபாவளிக்கு முந்தைய இரவு, சிவாஜிநகரில் ஒரு கடையில் டிஸ்க் போய்விட்டது. முழுப் பணம் கொடுத்து, பராமரிப்புக் கட்டணமும் தவறாமல் கட்டி வந்த மனிதர் அவர். புதிய டிஸ்கில் என் மென்பொருள் அவரைத் திருடன் என்றது. நான் மதுரையில் இருந்தேன், புதிய சாவியை உருவாக்கும் கணினி பெங்களூரில் இருந்தது. அன்றிரவு அவர் கையால் பில் எழுதினார். அதே தெருவில் என் மென்பொருளைக் கிராக் செய்து வைத்திருந்தவரின் கடையில் ஒரு தடங்கலும் இல்லை. பூட்டு போடுகிறவர்கள் தூக்கத்தில் காணும் கெட்ட கனவு இதுதான்: பணம் கொடுத்தவனுக்குக் கதவு சாத்தும், கொடுக்காதவனுக்குத் திறந்தே கிடக்கும்.

காரணம் எளிது. உரிமம் இருக்கிறதா என்று எத்தனை நுட்பமாகச் சோதித்தாலும், கடைசியில் நிரல் "ஆம்" என்றோ "இல்லை" என்றோ ஒரு இடத்தில் கிளை பிரிய வேண்டும். அந்த ஒரு கிளையைத் திருப்பிவிட்டால் போதும். உரிமக் கோப்பில் எண்முறைக் கையொப்பம் வைத்தால் பொய்க் கோப்பை உருவாக்க முடியாது. கையொப்பத்தைப் பார்க்கும் வரியையே நீக்கிவிடலாம். நிரலின் தேவையான ஒரு கணக்கை டாங்கிளுக்குள்ளேயே செய்ய வைத்தால் வேலை கடினமாகும், முடியாததாகாது. பூட்டு, சாவி இரண்டும் எதிராளியின் வீட்டுக்குள் இருக்கும்போது நமக்குக் கிடைப்பது அவகாசம் மட்டும். சந்தாவும் இணையவழிச் செயலாக்கமும் வந்ததற்குப் பேராசை மட்டும் காரணமில்லை. சர்வர் தயாரிப்பாளரின் வீட்டில் இருக்கிறது என்பதும் காரணம்.

நான் பொறாமையோடு பார்த்த ஒரே பூட்டு, கணக்கெழுதும் மென்பொருளான நம் பெங்களூரின் டாலி வைத்த கல்விப் பயன்முறை. உரிமம் இல்லாவிட்டாலும் மென்பொருள் திறக்கும், எல்லா வசதியும் இருக்கும்; ஆனால் மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டுமே பதிவு போட முடியும். கற்றுக்கொள்ள அது போதும், கடை நடத்தப் போதாது. மாணவனையும் வணிகனையும் தேதியை வைத்தே பிரித்தார்கள் பாருங்கள்! அந்த யோசனை எனக்கு வராமல் போனதே என்று இன்றும் வருத்தம்.

ஹலசூர்தணிக்கை | வியாழன், காலை 10.10

பணக் கணக்கு பற்றிச் சில வார்த்தைகள். மென்பொருளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. பதிவு பெற்ற பட்டறை அதை உள்ளீட்டு வரி வரவாக எடுத்து, தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். நேரடியாக வெளிநாட்டு நிறுவனத்திடம் வாங்கினால் அந்த வரியை நீங்களே கட்டி, நீங்களே வரவு எடுக்க வேண்டும். ஒருமுறை வாங்கும் உரிமத்துக்கு வருமான வரியில் 40 சதவீதத் தேய்மானம் கிடைக்கும். ஆகவே விலைப்பட்டியலில் உள்ள தொகை முழுவதும் உங்கள் கையை விட்டுப் போவதில்லை. சமரசம் பேசும்போது, கொடுக்கும் பணத்தை "உரிம விலை" என்று பில் போட்டு வாங்குங்கள். "இழப்பீடு" என்று எழுதினால் இந்தச் சலுகைகளுக்காகப் பிறகு அதிகாரியிடம் வாதாட வேண்டியிருக்கும்.

உரிமம் என்றால் என்ன வாங்குகிறோம் என்ற குழப்பம் பலருக்கு உண்டு. இதே ஊரின் எஞ்சினியரிங் அனாலிசிஸ் நிறுவனத்தின் மேல்முறையீட்டில் 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கியது: வாங்குபவருக்குக் கிடைப்பது பதிப்புரிமை அன்று, பதிப்புரிமை உள்ள ஒரு பொருளின் நகல், எனவே வெளிநாட்டு விற்பனையாளருக்குக் கொடுக்கும் விலை ராயல்டி ஆகாது. வரி வழக்குதான் என்றாலும், பெட்டியைத் திறந்தவுடன் எல்லாம் என்னுடையது என்று நினைப்பவர்கள் அதைப் படிக்கலாம்.

பழைய கிராக் பதிப்பில் கணக்கெழுதும் தனியார் நிறுவனங்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. 2023 ஏப்ரல் 1 முதல், ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதியும், அணைக்க முடியாத தடப்பதிவு உள்ள மென்பொருளையே கம்பெனிகள் பயன்படுத்த வேண்டும். தணிக்கையாளர் அதைப் பற்றி அறிக்கையில் எழுதியாக வேண்டும். கடைசல்பட்டறையாருடையது கம்பெனி அன்று, கூட்டாண்மை (பார்ட்னர்ஷிப்) நிறுவனம் என்பதால் இந்த விதி அவருக்குப் பொருந்தாது.

அவருக்கு என் ஒரே வேண்டுகோள்: வக்கீலைப் பார்க்குமுன் எண்ணுங்கள். எந்தக் கணினி, அதில் என்ன, அதற்கு எந்தப் பில். ஒரு தாள் போதும்.

கடைசல்பட்டறை | சனி, இரவு 8.30

எண்ணினோம். அந்தத் தாளை முடிக்க இரண்டு நாளாயிற்று.

ஒன்பதில் ஆறு கணினிகளில் கணினியோடு வந்த முறையான விண்டோஸ் இருக்கிறது. எஸ்.பி. ரோட்டில் பூட்டிய மூன்றிலும் கம்பிவடம் சொன்ன அதே பொய்ச் சர்வர். ஆஃபீஸ் இரண்டு வாங்கியிருக்கிறோம், ஏழில் ஓடுகிறது. வரைபடம் போடும் கணினியில் என் மருமகன் கல்லூரிக் கணக்கில் நிறுவிய மாணவர் பதிப்பு. அது இலவசம் என்பதால் முறையானது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன், தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது இப்போதுதான் தெரிகிறது. 40 நாள் சோதனைக் காலத்தோடு வந்த, கோப்புகளைச் சுருக்கும் வின்ரார், 2016 முதல் அதே சோதனைக் காலத்தில் இருக்கிறது. டாலி மட்டும் சுத்தம் என்று பெருமைப்பட்டேன். பில்லை எடுத்துப் பார்த்தால் எங்கள் அப்பாவின் மூடப்பட்ட தனி நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது.

நோட்டீஸில் வந்தது இரண்டு வரி. தாளில் இருப்பது பதினேழு வரி.

ஆஃபீஸ் தேவையற்ற ஐந்து கணினிகளில் இலவசமான லிப்ரெஆஃபீஸ் போட்டுவிட்டோம். எங்கள் மேற்பார்வையாளர் அதில் தமிழ் இடைமுகம் இருப்பதைக் கண்டு மிகவும் மகிழ்ந்தார். கேம் மென்பொருளில்தான் சிக்கல். விலை குறைந்த வேறொன்றைப் பார்த்தோம், நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஜி கோடை எங்கள் பழைய எந்திரத்துக்கேற்ற வடிவில் மாற்றித் தரும் போஸ்ட் பிராசசர் என்ற கோப்பு பழைய மென்பொருளில்தான் ஓடும். அது இல்லாவிட்டால் வரும் ஜி கோடைக் கண்ட்ரோலர் ஏற்காது.

கம்பிவடம் | சனி, இரவு 9.15

போஸ்ட் பிராசசர் பல மென்பொருள்களில் வெறும் உரைக் கோப்புதான். திறந்து பாருங்கள், எழுதியவர் மேலே ஏதாவது குறித்து வைத்திருப்பார்.

கடைசல்பட்டறை | ஞாயிறு, காலை 11.00

திறந்தோம். முதல் வரிகளில் ஒரு பெயர், கோயம்புத்தூர் பீளமேட்டு முகவரி, 2011 என்ற ஆண்டு, "வேறு எந்திரத்துக்கு நகலெடுக்க வேண்டாம்" என்ற குறிப்பு. இதுவும் நாங்கள் விலை கொடுக்காதது. பதினெட்டாவது வரியாகத் தாளில் சேர்த்தேன். இவருக்கு என்ன கொடுப்பது முறை?

சிவில்பக்கம் | ஞாயிறு, பிற்பகல் 12.40

அவர் யாரிடமாவது சம்பளத்துக்கு இருந்தபோது எழுதினாரா, தனியாக எழுதினாரா என்று முதலில் கேளுங்கள். ஊழியராக எழுதியிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை முதலாளியே உரிமையாளர். தனியாக எழுதியிருந்தால், எழுத்துமூலம் மாற்றிக் கொடுக்காதவரை அது அவருடையதே.

கடைசல்பட்டறை | அடுத்த வெள்ளி, இரவு 9.05

நேற்று எங்கள் வக்கீல் முன்னிலையில் தயாரிப்பாளர் தரப்போடு பேசி முடித்தோம். அவர்கள் மூன்று உரிமம் கேட்டார்கள். தளத்துக் கணினியில் ஜி கோடைத் திருத்துவது மட்டும்தான், அதற்கு உரை திருத்தியே போதும் என்று காட்டிய பிறகு இரண்டுக்கு ஒப்புக்கொண்டார்கள். தொகை எங்கள் மூன்று மாத லாபம். மூன்று தவணை, "உரிம விலை" என்றே பில்.

பீளமேட்டுக்காரரைப் போனில் பிடித்தேன். தனியாக எழுதியதுதானாம். எந்த எந்திரம் என்று கேட்டார், அது யார் யார் கையில் மாறி வந்தது என்று சொன்னபோது வெகுநேரம் சிரித்தார். எட்டாயிரம் ரூபாயும் ஜிஎஸ்டியும் கேட்டார். பிறகு, ஜி83 ஆழத் துளைச் சுழற்சியில் ஒரு பிழை வருமே, என்ன செய்கிறீர்கள் என்று அவரே கேட்டார். ஆறு வருடமாக ஒவ்வொரு நிரலிலும் கையால் திருத்திக்கொண்டிருக்கிறோம் என்றேன். அதை 2012இலேயே சரி செய்துவிட்டாராம். புதிய கோப்பு இன்று காலை வந்தது. மதியம் முதல் துண்டைப் போட்டோம், திருத்தம் எதுவும் தேவைப்படவில்லை.